கங்கோத்ரி – கோமுக் – தபோவனம்: முதுகுப்பையோடு கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

உத்தராகண்ட் இமயமலையில், கங்கையின் தலையூற்றான கோமுகைத் தாண்டிப் போகும் இந்த நடைவழியில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை, வழியில் தங்கும் இடமான போஜ்பாசாவில் ஒன்றரை நாள் பனி கொட்டியதைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கி வந்தேன். இரண்டாவது முறைதான் தபோவனத்தில் ஓர் இரவு தங்கக் கிடைத்தது. அதற்குப் பிறகு நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

தபோவனம் என்றால் ரிஷிகேஷில் இருக்கும் இடம்தானே?

இல்லை. ரிஷிகேஷில் லட்சுமண் ஜூலாவை ஒட்டி விடுதிகள் நிறைந்த ஒரு தபோவன் இருக்கிறது. நான் சொல்வது கங்கோத்ரிக்கு மேலே, சிவலிங் சிகரத்தின் காலடியில் 4,400 மீட்டர் வாக்கில் இருக்கும் புல்வெளி. பெயர் ஒன்று என்பதால் இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும், கவனமாகப் பாருங்கள்.

சாலை கங்கோத்ரியோடு முடிந்துவிடும். கோயில் இருக்கும் அந்த ஊரே சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாகீரதி ஆற்றை ஒட்டி நடை. 9 கிலோமீட்டரில் சீர்பாசா, 14-இல் போஜ்பாசா, 18-இல் கோமுக். சீர் என்றால் ஊசியிலை மரம். போஜ் என்பது பூர்ஜ மரம், அந்தக் காலத்தில் அதன் பட்டையில்தான் ஏடு எழுதினார்கள். இரண்டு ஊர்ப்பெயரும் அங்கே நின்ற மரங்களால் வந்தவை. போஜ்பாசா 3,800 மீட்டர், கோமுக் அதற்குச் சற்று மேலே. கோமுகில் முடிவது கங்கோத்ரி பனியாறு. சௌகம்பா மலைகளின் அடியில் தொடங்கி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இறங்கி வந்து, இந்த இடத்தில் உருகிப் பாகீரதியாக ஓடுகிறது.

வானிலை அவ்வளவு மோசமா? செயலியில் பார்த்துவிட்டுப் போனால் போதாதா?

செயலி காட்டுவது பெரும்பாலும் கங்கோத்ரிக்கோ உத்தரகாசிக்கோ உள்ள நிலவரம். உத்தரகாசி 1,150 மீட்டர், தபோவனம் 4,400. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கீழே தூறல் என்று காட்டும் அதே நேரத்தில் மேலே முழங்கால் அளவு பனி விழுந்துகொண்டிருக்கலாம்.

இங்கே வானிலையை இரண்டு ஆட்கள் தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்ற காற்றழுத்தத் தாழ்வு. குளிர்காலத்தில் பனியைக் கொட்டுவது அதுதான், ஆனால் மே, ஜூன், அக்டோபரிலும் தலைகாட்டும். மற்றொன்று ஜூன் கடைசியில் வந்து செப்டம்பர் கடைசியில் விலகும் பருவமழை. இரண்டும் ஒரே சமயத்தில் மோதிக்கொண்டால் நிலைமை கைமீறிவிடும். 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத்தை அழித்த வெள்ளம் அப்படி வந்ததுதான். 2021 அக்டோபர் 17 முதல் 19 வரை உத்தராகண்ட் முழுக்கப் பெய்த மழையும் பருவம் தவறி வந்தது. அந்த நாட்களில் ஹர்சிலிலிருந்து லம்காகா கணவாய் வழியாக இமாச்சலத்தின் சித்குலுக்குக் கிளம்பிய குழுவில் பலர் பனியில் சிக்கி உயிர்விட்டார்கள். அக்டோபர் தெளிந்த மாதம் என்றுதான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய புயல் எதுவும் இல்லாத நாளிலும் ஒரு தினசரிக் கணக்கு உண்டு. காலையில் வானம் கண்ணாடி போல இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே கிளம்பும். பதினொரு மணிக்கு மேல் பாகீரதி சிகரங்களில் மேகம் ஒட்டும். இரண்டு மணிக்குக் காற்றும் பனித்தூறலும் வரும். தினமும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் நடக்கும் என்று எண்ணித் திட்டம் போட்டால் தப்பாகாது. விடிவதற்கு முன் கிளம்பி மதியத்துக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

கிளம்பும் வாரத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டேராடூன் மையம் மாவட்டவாரியாகத் தரும் எச்சரிக்கையைப் பாருங்கள். உத்தரகாசிக்கு ஆரஞ்சு என்று இருந்தால் மேலே போகாதீர்கள். மஞ்சள் என்றால் கங்கோத்ரியில் ஒரு நாள் உட்காருங்கள்.

எந்த மாதம் நல்லது?

கோயில் அட்சய திருதியையில் திறந்து தீபாவளியை ஒட்டி மூடப்படும். நடைவழி போகும் கங்கோத்ரி தேசியப் பூங்கா ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை திறந்திருக்கும். அதற்காக அத்தனை மாதமும் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.

மே முதல் பாதியில் வழியில் பழைய பனி கிடக்கும். மே கடைசி, ஜூன் முதல் பாதி நடக்க எளிது, கூட்டமும் அதிகம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போஜ்பாசாவுக்கு மேலே மழை குறைவு என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், கங்கோத்ரி வரை போகும் சாலை அந்த மாதங்களில் சரிந்துகொண்டே இருக்கும். 2025 ஆகஸ்ட் 5 அன்று கீர் கங்கை ஓடையில் வந்த வெள்ளம் தராலி கடைத்தெருவைச் சில நொடிகளில் சேற்றில் புதைத்தது. அந்த ஊர் இந்தச் சாலையில்தான் இருக்கிறது, எத்தனையோ யாத்ரீகர்கள் தேநீர் குடிக்க நிறுத்திய இடம்.

செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை எனக்குப் பிடித்த காலம். காற்று கழுவிவிட்டது போல இருக்கும், பூர்ஜ மரங்கள் மஞ்சளாகியிருக்கும். இரவுக் குளிர் தபோவனத்தில் மைனஸ் பத்தை எட்டும், அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

எத்தனை நாள் விடுப்பு வேண்டும்?

சென்னையிலிருந்து சென்னைக்கு, விமானத்தில் என்றால், குறைந்தது 12 நாள். ஒன்பது நாளில் முடித்துக்காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், அவர்களிடம் மழைக்கும் மண்சரிவுக்கும் ஒரு நாள்கூட இல்லை என்று அர்த்தம்.

டேராடூன் வரை விமானம் அல்லது ஹரித்வார் வரை ரயில். அங்கிருந்து உத்தரகாசி ஒரு பகல் பயணம். உத்தரகாசியில் ஓர் இரவு. மறுநாள் 100 கிலோமீட்டர் கங்கோத்ரி. அங்கே இரண்டு இரவு கட்டாயம். பிறகு போஜ்பாசா, அங்கும் இரண்டு இரவு. இடைப்பட்ட நாளில் கோமுக் வரை போய்வந்தால் உடம்பு உயரத்துக்குப் பழகும். அதற்கு மறுநாள் தபோவனம், ஓர் இரவு. இறங்க இரண்டு நாள். மிச்சமிருக்கும் ஒரு நாள் யாருக்கும் சொந்தமில்லை, அது மலைக்கானது. அதை முன்கூட்டியே எதற்கும் செலவழித்துவிடாதீர்கள். திரும்பும் விமானச் சீட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். நான் மலையில் பார்த்த தவறான முடிவுகளில் பாதிக்கு மேல், "நாளைக்கு ஃபிளைட் இருக்கே" என்ற ஒரே காரணத்தால் எடுக்கப்பட்டவை.

அனுமதி எங்கே வாங்குவது?

கோமுக் பக்கம் ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. உத்தரகாசியில் உள்ள வனத்துறை அலுவலகம் வழங்குகிறது. அடையாள அட்டை நகல், புகைப்படம் கையில் இருக்கட்டும். தபோவனத்துக்குத் தனி அனுமதி, அதற்குப் பதிவுபெற்ற வழிகாட்டியும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். மே, ஜூனில் 150 இடமும் சீக்கிரம் தீர்ந்துவிடும், முதல் வேலையாக இதை முடியுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போகலாமா?

கோமுக் வரை போகலாம். பாதை தெளிவாக இருக்கிறது, ஆள் நடமாட்டம் உண்டு. தபோவனத்துக்கு விதிப்படியே வழிகாட்டி வேண்டும், விதி விட்டாலும் நான் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன். அங்கே நிலையான பாதை என்று ஒன்று கிடையாது. பனியாறு உருகி நகர நகர, போன வருடம் நடந்த இடம் இந்த வருடம் குழியாகியிருக்கும். அந்த மாதம் எது வழி என்பது அந்த மாதம் அங்கே நடந்தவருக்குத்தான் தெரியும். உத்தரகாசிக்காரர் ஒருவரைப் பிடியுங்கள். பேரம் பேசிக் கூலியைக் குறைக்காதீர்கள். அவருக்கு நல்ல காலணியும் மழைச்சட்டையும் இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள், இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள்.

கடல் மட்டத்தில் இருக்கும் ஊரிலிருந்து வருகிறோம். உயரம் தாங்குமா?

தாங்கும், நேரம் கொடுத்தால். 4,400 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் மெரினாவில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். உடம்பு அதற்கு ஈடுகட்டக் கற்றுக்கொள்ள நாட்கள் வேண்டும். உடல்பயிற்சி செய்தவர், செய்யாதவர் என்ற பேதம் இதற்கு இல்லை. மாரத்தான் ஓடுகிறவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அறுபது வயது அம்மா ஒருவர் கம்பை ஊன்றி நிதானமாகப் போய்க்கொண்டிருந்ததைச் சீர்பாசாவில் பார்த்தேன்.

3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு இரவும் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. இந்த வழியில் கங்கோத்ரிக்கும் போஜ்பாசாவுக்கும் இடையே 700, போஜ்பாசாவுக்கும் தபோவனத்துக்கும் இடையே 600. இரண்டுமே கணக்கை மீறுகின்றன. அதனால்தான் இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு இரவு என்று சொன்னேன். டயமாக்ஸ் மாத்திரை உதவும், ஆனால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு எடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும்.

தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதே இடத்தில் நில்லுங்கள், மேலே போகாதீர்கள். ஒரு நாளில் சரியாகவில்லை என்றால் இறங்குங்கள். இதை யாரும் வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. கூட வருகிறவர் தலைவலியை மறைக்கிறார் என்று தோன்றினால், சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இரண்டு அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, சளியில் நுரையோ இரத்தமோ வருவது நுரையீரலில் நீர் கோத்ததைக் காட்டும். நேர்கோட்டில் குதிகாலையும் கால்விரலையும் ஒட்டிவைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது மூளை வீங்கியதைக் காட்டும். நள்ளிரவாக இருந்தாலும் வழி நடக்கக்கூடியதாக இருந்தால் உடனே கீழே இறக்குங்கள். மாத்திரையும் ஆக்சிஜன் சிலிண்டரும் இறங்கும் வழியில் துணைக்குத்தான், இறங்குவதற்கு மாற்று அல்ல.

பையில் என்ன இருக்க வேண்டும்? எவ்வளவு எடை?

உங்கள் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம். அறுபது கிலோ ஆளுக்குப் பத்து கிலோ. கூடாரம், சமையல் சாமான் சுமக்க ஆள் வைத்துக்கொண்டால் அதைவிடக் குறையும்.

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தோலை ஒட்டி வியர்வையை வெளியே விடும் மெல்லிய உடை, அதன் மேல் ஃபிளீஸ் என்ற செயற்கைக் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் இறகோ செயற்கைப் பஞ்சோ வைத்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் நீர்புகாத சட்டையும் கால்சட்டையும். நடக்கும்போது கொஞ்சம் குளிர்கிற மாதிரியே போட்டுக்கொள்ளுங்கள். வியர்த்து நனைந்துவிட்டால் நிற்கும்போது அதுவே ஆபத்து. நம் ஊர்க்காரர்கள் கங்கோத்ரியில் கிளம்பும்போதே குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், ஜாக்கெட் என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் தொப்பலாக நனைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பைக்கு வெளியே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள், காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். பைக்கு உள்ளே ஒரு கெட்டியான பெரிய பிளாஸ்டிக் உறை, அதற்குள் தூக்கப் பையும் ஒரு முழு மாற்று உடையும். இரவுக்கென்று ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்துவைத்து, என்ன ஆனாலும் பகலில் அதைத் தொடாதீர்கள். தூக்கப் பை மைனஸ் பத்து டிகிரியில் சௌகரியமாகத் தூங்கக்கூடியதாக இருக்கட்டும். "தாங்கும் எல்லை" என்று போட்டிருக்கும் எண் வேறு, "சௌகரியம்" என்று போட்டிருக்கும் எண் வேறு.

கறுப்புக் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். புதுப்பனியில் வெயில் பட்டால் ஒரே பகலில் கண் எரிந்து திறக்க முடியாமல் போகும். தலைவிளக்கு, கூடுதல் பேட்டரி, நடைக்கம்பு இரண்டு. போனும் பவர் பேங்கும் இரவில் தூக்கப் பைக்குள்ளேயே இருக்கட்டும், குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும்.

சாப்பாடு, தண்ணீர்?

கங்கோத்ரியில் எல்லாம் கிடைக்கும். போஜ்பாசாவில் ஆசிரமமும் அரசு விடுதியும் உண்டு. ரொட்டி, பருப்பு, சாதம் எளிமையாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் வாரத்தில் எது இயங்குகிறது என்று உத்தரகாசியிலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள். தபோவனத்தில் உங்கள் கையில் இருப்பதுதான்.

அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது, பருப்பு நிச்சயமாக வேகாது. அதனால் நம் வீட்டு அலமாரிதான் கைகொடுக்கும். வெந்நீரில் ஊறும் அவல், வறுத்த ரவை, சத்துமாவு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கடலை மிட்டாய். தபோவனத்தில் பசியே எடுக்காமல் உட்கார்ந்திருந்தபோது, ஒரு தேக்கரண்டி புளிக்காய்ச்சலைச் சூடான அவலில் கலந்து சாப்பிட்டதும் நாக்கு விழித்துக்கொண்டது. உயரத்தில் இனிப்பு திகட்டும், புளிப்பு உள்ளே போகும்.

அடுப்புக்கான எரிவாயு டப்பாவை விமானத்திலோ ரயிலிலோ கொண்டுவரக்கூடாது. ரிஷிகேஷிலோ உத்தரகாசியிலோ வாங்குங்கள். பாகீரதித் தண்ணீர் சாம்பல் நிறமாக இருக்கும், பனியாறு பாறையை அரைத்த மாவு அதில் கலந்திருக்கிறது. பக்கவாட்டில் இறங்கும் தெளிந்த ஊற்றுகளில் பிடித்துக் கொதிக்கவையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது குடியுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும்.

போஜ்பாசாவிலிருந்து தபோவனம் வழி எப்படி இருக்கும்?

முதலில் போஜ்பாசா வரை உள்ள வழியில் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சீர்பாசாவைத் தாண்டியதும் கீலா பஹாட் என்ற சரிவு வரும். மேலே காற்று அடித்தாலோ ஆடுகள் நடந்தாலோ கல் உருளும். அங்கே நின்று படம் எடுக்காதீர்கள். காதிலிருந்து ஒலிப்பானைக் கழற்றிவிட்டு, மேலே பார்த்துக்கொண்டே, இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடந்துபோங்கள். வெயில் ஏறுவதற்கு முன் கடப்பது நல்லது. இரவில் உறைந்து கல்லைப் பிடித்துவைத்திருக்கும் பனி, வெயிலில் பிடியை விட்டுவிடும்.

முன்பெல்லாம் கோமுகைத் தாண்டிப் பனியாற்றின் மேலேயே குறுக்காக நடந்து தபோவனத்துக்கு ஏறுவார்கள். பனியாற்றின் முகப்பு இடிந்து அந்த வழி கெட்டபிறகு, போஜ்பாசாவில் கம்பியில் தொங்கும் தொட்டிலில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்து, எதிர்க்கரை வழியாகப் போவதுதான் வழக்கமாகிவிட்டது. கயிற்றை ஆட்கள்தான் இழுக்க வேண்டும். பையை முதலில் அனுப்புங்கள், விரல்களைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

எதிர்க்கரையில் பாறைக் குவியல். பனியாறு கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும் கலந்த மேடு, மொரைன் என்று சொல்கிறார்களே அதுதான். கால் வைக்கும் கல்லில் பாதி ஆடும். அதன் பிறகு ஆகாச கங்கை. தபோவனப் புல்வெளியிலிருந்து விழும் ஓடை அது, அதை ஒட்டித்தான் செங்குத்தான கடைசி ஏற்றம். கொல்லிமலை அருவிக்கும் இதே பெயர்தான், ஆனால் அங்கே படிக்கட்டு உண்டு. இங்கே கால் சறுக்கும் சரளை மட்டுமே. இரண்டு மணி நேரம் ஏறினேன், முப்பது அடிக்கு ஒரு முறை நின்று நின்று.

ஓடையைக் காலையில் கடந்துவிடுங்கள். இரவு முழுக்க உறைந்திருப்பதால் காலையில் தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும். மதியம் மேலே பனி உருகத் தொடங்கியதும் அதே இடத்தில் முழங்காலுக்கு மேல் வரும். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களை அழுத்தக்கூடாது. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள்.

ஏறி முடித்ததும் தரை சமமாகும். எதிரே 6,543 மீட்டர் சிவலிங் அப்படியே எழுந்து நிற்கும். 1974-இல் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் முதன்முதலில் அதன் உச்சியை அடைந்தார்கள். கீழே நின்று பார்க்கும்போது அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று புரியவில்லை. புல்வெளியில் பரல் எனப்படும் நீல ஆடுகள் பயமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. நான் பேசாமல் ஒரு கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடுவழியில் வானிலை மாறினால் என்ன செய்வது?

2024 ஜூன் மாதத் தொடக்கத்தில், இதே உத்தரகாசி மாவட்டத்தில் சஹஸ்திர தால் ஏரிக்குப் போன கர்நாடகக் குழு திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டியது. மொத்தம் 22 பேர், அதில் 9 பேர் இறந்துவிட்டார்கள். உயரம் தபோவனத்தைப் போலத்தான், மாதமும் நடக்க நல்லது என்று எல்லாரும் சொல்லும் மாதம்தான். புயல் வந்ததும் எதிரில் இருப்பது தெரியாது. ஈரமும் காற்றும் சேர்ந்து சில மணி நேரத்தில் உடம்புச் சூட்டைப் பறித்துவிடும்.

எனவே மாறுவதற்கு முன்னாலேயே முடிவெடுங்கள். பதினொரு மணிக்குள் ஆகாச கங்கையின் அடியை அடையாவிட்டால் திரும்பிவிடுவோம் என்று முதல் நாள் இரவே குழுவில் பேசிவையுங்கள். மலையில் நின்றுகொண்டு பேசினால் ஆசை ஜெயித்துவிடும்.

மாட்டிக்கொண்டால் குழு பிரியக்கூடாது. நடக்க முடியாதவரை விட்டுவிட்டு உதவி தேடிப் போவது கடைசி வழி. காற்று மறையும் பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த ஆடை, தூக்கப் பை, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. கீழே பையை விரித்து அதன் மேல் உட்காருங்கள், தரை வழியாகப் போகும் சூடு அதிகம். ஒருவர் வெடவெடவென்று நடுங்கினால் இன்னும் நேரம் இருக்கிறது. நடுக்கம் நின்று, பேச்சு குழறி, "எனக்குக் குளிரவே இல்லை" என்று சொன்னால் ஆபத்து முற்றிவிட்டது. அவரை அசைக்காமல் சூடுபடுத்துங்கள், தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள். விழுங்க முடிகிறவருக்கு மட்டும் சர்க்கரை போட்ட வெந்நீர்.

தபோவனம் திறந்தவெளி. இடி கேட்டால் மேட்டில் நிற்காதீர்கள், கம்புகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தாழ்வான இடத்தில் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள்.

போன் வேலை செய்யுமா? சாட்டிலைட் கருவி கொண்டுவரலாமா?

கங்கோத்ரியைத் தாண்டினால் சிக்னலை நம்ப வேண்டாம். வெளிநாட்டில் வாங்கிய சாட்டிலைட் போன், செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவி எதையும் கொண்டுவராதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். பதிலாக, எந்தத் தேதிக்குள் உங்கள் அழைப்பு வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுங்கள். அதில் வழிகாட்டியின் எண்ணும் உத்தராகண்ட் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1070 எண்ணும் இருக்கட்டும். சிக்னல் உள்ள இடத்தில் 112.

எப்படிப் பயிற்சி எடுப்பது?

மூன்று மாதம், வாரம் நான்கு நாள், பையில் எட்டு கிலோ போட்டுக்கொண்டு படி ஏறி இறங்குங்கள். இறங்குவதும் முக்கியம், முட்டி அங்கேதான் போகும். முடிந்தால் வெள்ளியங்கிரியோ பருவதமலையோ ஒரு முறை ஏறுங்கள். புதுக் காலணியோடு இமயத்துக்கு வராதீர்கள்.

அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

கங்கோத்ரி வரை தாராளமாக, ஆனால் ஹர்சிலில் ஓர் இரவு தங்க வைத்துவிட்டு. அதற்கு மேல் இதயம், நுரையீரல் நலத்தைப் பொறுத்தது. அவர்களுடைய மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

கோமுகில் குளிக்கலாமா?

முகப்புக்கு அருகே போகவே கூடாது. வீடளவு பனிக்கட்டிகள் எந்த நேரமும் உடைந்து விழும். தள்ளி நின்று, ஆறு அமைதியாக இருக்கும் இடத்தில் ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உறைநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலேதான் இருக்கும், முங்கிக் குளித்து மூச்சடைத்தால் காப்பாற்ற ஆள் இல்லை. பழைய படங்களில் இருக்கும் குகை வாயைத் தேடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி ஆண்டுக்கு ஏறக்குறைய 20 மீட்டர் என்ற கணக்கில் முகப்பு பின்வாங்கியிருக்கிறது. நான் பார்த்தபோது அது பழைய படங்களில் இருந்த வடிவத்தில் இல்லை.

இவ்வளவு செலவு செய்து போய், தபோவனம் பார்க்காமல் திரும்பினால்?

முதல் முறை எனக்கு அழுகையே வந்தது. விடியற்காலை கூடாரத்தைத் திறந்தால் ஒரு அடி பனி. வழிகாட்டி மேலே ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆஜ் நஹீன்" (இன்றைக்கு வேண்டாம்) என்றார். மறுநாளும் அதையே சொன்னார். நான் கெஞ்சிப் பார்த்தேன். அவர் அடுப்பில் தேநீரை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். இறங்கும்போது மேலே ஒரே வெண்மை, சிகரங்கள் இருந்த இடமே தெரியவில்லை. சீர்பாசாவில் மழை விட்டு வெயில் வந்தது. ஊசியிலை வாசனையோடு நாங்கள் நான்கு பேரும் கடலை மிட்டாயைப் பங்குபோட்டுச் சாப்பிட்டோம். இரண்டு வருடம் கழித்து அதே ஆளையே தேடிப் பிடித்து மறுபடி போனேன். அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரே காரணத்தால்தான் அவரைத் தேடினேன்.

குப்பையை என்ன செய்வது?

கங்கோத்ரியிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் பூங்காவின் சோதனைச் சாவடி வரும். பையிலுள்ள பிளாஸ்டிக் பொருட்களை எண்ணி எழுதி, முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். சும்மா சடங்குக்கு என்று நினைக்காதீர்கள். போஜ்பாசாவில் ஒரு காலத்தில் பூர்ஜ மரக் காடே இருந்தது. யாத்ரீகர்களுக்கும் மலையேறிகளுக்கும் விறகாகி அது மொட்டையானது. மலையேற்ற வீராங்கனை ஹர்ஷவந்தி பிஷ்ட் அங்கே வேலிகட்டிப் பூர்ஜக் கன்றுகளை நட்டு வளர்த்தார். அந்த உயரத்தில் ஒரு மரம் ஆளுயரம் வரவே பல வருடம் ஆகும். வேலிக்குள் நிற்கும் அந்தச் சின்ன மரங்களை நின்று பாருங்கள். விறகு எதையும் எரிக்காதீர்கள். கழிவறைக் காகிதம், ஈரத் துடைப்பான், நாப்கின் எல்லாவற்றையும் ஒரு தனி உறையில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள், குளிரில் எதுவும் மக்காது. வரும் வழியில் மற்றவர் போட்ட பிஸ்கட் உறைகளும் கண்ணில் படும். நாங்கள் திரும்பும்போது சாவடியில் எழுதிக்கொடுத்ததைவிடப் பதினேழு உறை அதிகமாக இருந்தது. அங்கிருந்த ஊழியர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சூடாக ஒரு டம்ளர் தேநீரும் ஊற்றிக் கொடுத்தார்.